பென்சிலாசான் அழிக்காத வாய்

நாஞ்சில் நாட்டில் அரிவாளால் பகை தேடியவர்கள் உண்டு. நாக்கால் பகை தேடியவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. வெறும் பென்சிலால் வடசேரியிலிருந்து பூதப்பாண்டி வரைக்கும் பகை தேடி வைத்திருந்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் பென்சிலாசான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். சம்பளம் வாங்கும்போது அதைச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டிருப்பார். ஆனால் நாங்கள் யாரும் அதைக் கேட்டதில்லை. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்த புதிதில் நான் நாகர்கோவில் சர்வே ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். முதல் நாளே பியூன் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மேஜையின் முன்னால் நிறுத்தி, "இவரு பென்சிலாசான். இவருக்க பக்கத்துலதான் உமக்கு இருப்பு. மொகத்தை மட்டும் பத்திரமாப் பாத்துக்கிடும்" என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

எங்கள் பக்கத்தில் வர்மம் தெரிந்தவரையும் சிலம்பம் சொல்லித் தருகிறவரையும் ஆசான் என்பார்கள். அவர் ஒரு விரலால் தட்டினால் ஆள் சுருண்டு விழுவான் என்று பேச்சு. எங்கள் ஆசான் தட்டுவது பென்சிலால். விழுந்தவன் எழுந்திருக்க வருஷக்கணக்காகும்.

நிலப்படம் வரைவதுதான் அவருக்கு வேலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒற்றை நாடி உடம்பு. வலது காதில் பென்சில் இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. பழையாற்றில் முங்கிக் குளிக்கும்போதுகூடக் காதில் பென்சிலோடுதான் முங்குவார் என்று சொல்வார்கள். நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் சொன்னவன் பொய் சொல்லியிருக்க மாட்டான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு மற்றவர்கள் மேஜையில் தலை சாய்ப்பார்கள். ஆசான் அந்த நேரத்தில் யாராவது ஒரு ஆளைப் பிடித்து உட்காரவைத்து முகம் வரைவார். அதற்கு அவர் ஓவியப் பள்ளிக்கூடம் எதற்கும் போனதில்லை. வயலை எப்படி அளப்பாரோ அப்படியே முகத்தை அளப்பார். முதல் காரியம், ஆள் வடக்குப் பார்த்து உட்கார வேண்டும். நிலப்படத்தில் வடக்கு மேலே இருக்கும் என்பதற்கும் மனுஷன் வடக்குப் பார்த்து உட்காருவதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் ஒரு தடவை கேட்டேன். "வே, தெக்குப் பாத்து இருந்தா மொகம் தலைகீழால்லா வரும்" என்றார். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆள் உட்கார்ந்ததும் பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அளவு சொல்லத் தொடங்குவார். நெற்றிப் பொட்டிலிருந்து நாடி வரைக்கும் ஒரு நேர்கோடு. அதுதான் அடிக்கோடு. மூக்கு நடு வரப்பு. கண் இரண்டும் குளம். "கிழக்கே காது, மேற்கே மறு, வடமேற்கு மூலையில ஒரு வெட்டுக்காயம்" என்று அவர் உரக்கச் சொல்வார். பக்கத்தில் இருக்கிற நான் வயலில் அளவுச் சங்கிலி பிடிக்கிறவன் சொல்வதுபோல அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்குக் கை ஓடாது.

இன்னொரு நியமம் இருந்தது. அதுதான் இந்தக் கதைக்கே காரணம். ஆசான் எதையும் அழிக்க மாட்டார். நிலப்படத்தில் ஒரு கோட்டை அழித்து எழுதினால் வேலை போய்விடும் என்று எங்களுக்கு முதல் நாளே சொல்லியிருந்தார்கள். வரப்பைக் காகிதத்தில் ஒரு நூல் நகர்த்தினால் ஒருத்தன் வயல் இன்னொருத்தனுக்குப் போய்விடுமே! அந்தச் சட்டத்தை ஆசான் மனுஷ முகத்துக்கும் வைத்துவிட்டார். அவர் மேஜையில் ரப்பரே கிடையாது. போட்ட கோடு போட்டதுதான். கையில் இருப்பது பென்சில்தான் என்றாலும் செப்பேட்டில் வெட்டுகிறவர் மாதிரி வரைவார்.

இப்படி வரைந்த முகம் எப்படி இருக்கும்? அழகாக இருக்காது. ஆனால் அந்த ஆள் மனதுக்குள் என்ன நினைத்துக்கொண்டிருந்தானோ அது அப்படியே தாளில் வந்து உட்கார்ந்திருக்கும். எப்படி வந்தது என்று ஆசானுக்கும் தெரியாது. கேட்டால், "நான் அளந்ததைப் போட்டேன்" என்பார்.

வடசேரியில் ஒரு சாப்பாட்டுக் கடை முதலாளி கல்லாவுக்குப் பின்னால் மாட்ட வேண்டும் என்று தன் படத்தை ஆசானிடம் ஆசையாகக் கேட்டு வாங்கினார். படத்தில் அவர் நேராகப் பார்க்கவில்லை. சற்றே கீழே, எதிரில் இருப்பவன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'இன்னொரு தடவை தீயல் குழம்பு கேட்டுவிடுவானோ' என்கிற கவலை கண்ணிலும் கன்னத்திலும் அப்பட்டமாகத் தெரிந்தது. முதலாளி கோபத்தில் ஆசானோடு பேச்சை நிறுத்தினார். ஆனால் படத்தை மட்டும் கழற்றவில்லை. அந்தப் பார்வைக்குப் பயந்து ஒருத்தரும் இரண்டாம் தடவை தீயல் கேட்கவில்லையாம்.

மிஷன் சபையில் உபதேசியாராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவருக்குப் பிரிவுபசாரம் நடந்தது. சபையார் அவருக்குப் பரிசாகக் கொடுக்க ஆசானிடம் படம் கேட்டார்கள். சபையே கண்ணீர்விடும் அளவுக்குப் பிரசங்கம் செய்கிறவர் அவர். படத்தில் பார்த்தால், அடுத்தவர் பிரசங்கம் எப்போது முடியும், சோறு எப்போது விளம்புவார்கள் என்று காத்திருக்கிற முகம். சபையார் முகம் சுண்டிப் போனது. உபதேசியாரின் மனைவி மட்டும் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கல்யாணம் ஆன நாள் முதல் நான் பாக்குற மொகம் இதுதான். இதை நான் கொண்டு போறேன்" என்று சொல்லி அடுக்களையில் மாட்டிக்கொண்டார்.

பூதப்பாண்டிப் பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேருக்குள் வரப்புத் தகராறு. அளக்கப் போன இடத்தில் ஆசான் தம்பியின் முகத்தை வரைந்தார். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "இது என் மொகம். என்னைக் கேக்காம எப்படி வரையலாம்?" என்று பிடித்துக்கொண்டான். தம்பி விடவில்லை. உண்மையில் இரண்டு பேருக்கும் ஒரே முகம்தான், ஒரே கடுகடுப்புத்தான். கடைசியில் படத்தைப் பாகம் பிரிப்பது என்று முடிவாயிற்று. மூக்கின் நடு வழியாகச் சரிபாதி அளந்து கோடு போட்டுத் தரச் சொன்னார்கள். ஆசானும் போட்டுக் கொடுத்தார். கிழித்த பிறகு, மச்சம் இருக்கிற பாதி அண்ணனுக்குப் போய்விட்டது, மச்சம் தம்பியுடையது என்று வேறொரு வழக்குத் தொடங்கியது. வரப்பு வழக்கு தீர்ந்தபிறகும் மச்ச வழக்கு தீரவில்லை என்று கேள்வி.

இப்படிப்பட்ட மனுஷரைக் கூப்பிட்டு, கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணைப் படம் வரையச் சொல்ல எந்தத் தகப்பனுக்காவது மனம் வருமா? எங்கள் சூப்ரண்டுக்கு வந்தது.

சூப்ரண்டு எங்கள் ஆபீஸின் மேலதிகாரி. பருத்த உடம்பு, அதைவிடப் பருத்த குரல். அவர் தும்மினால் நாங்கள் எழுந்து நிற்போம். அவருக்கு ஒரே மகள், கனகம். பத்தாவது தேறியவள். ஆசிரியைப் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அந்த மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையே வீட்டுக்கு வந்து, "அனுப்பி வையுங்க சார்" என்று கேட்டுக்கொண்டதாகவும், சூப்ரண்டு அந்த அம்மாளுக்கு நல்ல காபி கொடுத்து அனுப்பிவைத்ததாகவும் பியூன் வந்து சொன்னான். காபி கொடுத்தார் என்றால் காரியம் நடக்காது என்று அர்த்தம்.

அவர் வேறொன்று நிச்சயித்து வைத்திருந்தார். மலையில் ரப்பர் தோட்டத்தில் கணக்கராக இருந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர். முதல் தாரம் இறந்துபோனவர். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். வயல் உண்டு, தோப்பு உண்டு. பெண்ணின் படத்தைப் பார்த்துப் பிடித்தால் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். நேரில் வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் பெண்ணுக்குப் பெயர் கெட்டுவிடும் என்பதால் படம் முதலில் போவதுதான் மரியாதை.

படம் என்றால் ஸ்டுடியோவுக்குப் போக வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். சூப்ரண்டின் மனைவிக்கு ஒரு தங்கை இருந்தாள். கல்யாணத்துக்கு மறுநாள் போட்டோ எடுத்துக்கொண்டாள், ஆறு மாதத்துக்குள் காய்ச்சலில் போய்விட்டாள். போட்டோப் பெட்டி உயிரை இழுத்துவிடும் என்று அந்தக் குடும்பமே நம்பியது. பென்சில் எதையும் இழுக்காது அல்லவா? ஆகவே பென்சிலாசான்.

சூப்ரண்டு அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கூடவே என்னையும். ஆசான் தனியாகப் போக முடியாதே, அளவைத் திருப்பிச் சொல்ல ஆள் வேண்டுமே.

"ஓய் ஆசான், ஞாயித்துக்கிழமை காலம்பற வீட்டுக்கு வாரும். மகளை ஒண்ணு வரையணும். லெச்சணமா இருக்கணும், கேட்டீரா? மொகத்துல ஒரு சிரிப்பு வேணும்."

"இருந்தா வரும் சார்" என்றார் ஆசான்.

"என்னது?"

"சிரிப்பு. இருந்தா வரும்."

சூப்ரண்டு என்னவோ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். முற்றத்தில் கோலம் போட்டு, கிழக்குப் பார்த்து ஒரு நாற்காலி வைத்திருந்தார்கள். ஆசான் போனதும் முதல் காரியமாக நாற்காலியைத் திருப்பி வடக்குப் பார்த்து வைத்தார். வடக்கே மாட்டுத் தொழுவம். "கல்யாணக் காரியம், கிழக்குப் பாத்துத்தான் இருக்கணும்" என்று சூப்ரண்டு நாற்காலியைத் திருப்பினார். ஆசான் மறுபடியும் திருப்பினார். இரண்டு பேரும் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்ததில் கோலம் அழிந்தது. கடைசியில் சூப்ரண்டின் மனைவி வாசலுக்குள் நின்றபடியே, "வடக்கே இருக்கட்டு. பசு நல்ல சகுனம்தானே" என்றார். கனகம் மாட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பட்டுச் சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ, புதிதாகக் குத்திய மூக்குத்தி. குனிந்த தலை நிமிரவில்லை. ஆசானுக்கு ஆபீஸ் வம்பு எதுவும் காதில் விழாது. காதில்தான் பென்சில் இருக்கிறதே! பயிற்சிக்கு இடம் கிடைத்த கதையோ, மாதக் கடைசிக் கெடுவோ அவருக்குத் தெரியாது. அளவு சொல்லத் தொடங்கினார். நானும் திருப்பிச் சொன்னேன். நடுவே என்ன தோன்றியதோ, "மக்களே, நீ எது வரைக்கும் படிச்சிருக்கே?" என்று அவளைக் கேட்டார்.

"பத்து தேறியாச்சு" என்றார் சூப்ரண்டு.

"என்ன பாடம் பிடிக்கும் மக்களே?"

"அவளுக்கு எல்லாம் பிடிக்கும்" என்றார் உள்ளேயிருந்து அம்மா.

"பிச்சிப்பூ வாசம் தலை வலிக்குதா?"

"அதெல்லாம் வலிக்காது" என்றார் சூப்ரண்டு.

ஒவ்வொரு கேள்விக்கும் அந்தப் பெண் உதட்டைப் பிரித்தாள். அவள் பிரிப்பதற்குள் பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. அவள் மறுபடியும் உதட்டைச் சேர்த்தாள். ஆசான் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அளவுகூடச் சொல்லவில்லை. நான் சும்மா நின்றேன். பென்சில் தாளில் உரசுகிற சத்தமும் மாடு அசை போடுகிற சத்தமும் மட்டும்தான்.

படம் முடிந்தது. சூப்ரண்டு வாங்கிப் பார்த்தார். நானும் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். மூக்கு கொஞ்சம் நீளம். பூவும் சேலையும் ஏதோ பேருக்கு நாலு கோடு. ஆனால் அந்த வாய்! சொல்ல வந்த ஒன்றை நுனி நாக்கில் வைத்துக்கொண்டு, சொல்லலாமா என்று நம்மைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிற வாய். 'சொல்லேன் அம்மா' என்று தாளைப் பார்த்துச் சொல்லத் தோன்றியது.

"என்னவே இது? அழப்போறவ மாதிரி இருக்கு" என்றார் சூப்ரண்டு.

"அழல்ல சார். பேசப் போறா."

"என்னத்தைப் பேசப் போறா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் அளந்ததைப் போட்டேன்."

இன்னொரு தாளில் வரையச் சொன்னார் சூப்ரண்டு. மகளைப் பார்த்து, "ஏட்டி, சிரி" என்று அதட்டினார். அதட்டலுக்கு எப்படிச் சிரிப்பு வரும்? ஆசான் வரைந்தார். இரண்டாவது தாளிலும் அதே முகம், அதே வாய்.

"சரி, அந்த வாயை மட்டும் அழிச்சு ஒரு சிரிப்பு போடும்."

"நான் அழிக்க மாட்டேன் சார்."

"ஆசான், தேவிகுளத்துல ஒரு இடம் காலியாக் கெடக்கு. தெரியும்லா?"

தேவிகுளம் என்றால் எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் குலை நடுங்கும். மலை, குளிர், அட்டை. அங்கே போன ஒருவர் திரும்பி வந்தபோது அவர் வீட்டு நாயே அவரைப் பார்த்துக் குரைத்தது. நான் ஆசானின் காதோரம் குனிந்து, "ஆசானே, ஒரு வாய்தானே. ரெண்டு கோடு மேல தூக்கிவிட்டா போச்சு" என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "வே, வயலை மாத்தி வரைஞ்சா ஒருத்தனுக்க நெலம்தான் போகும். இது பிள்ளைக்க வாயி."

சூப்ரண்டு பொறுமை இழந்தார். அவரும் ஒரு காலத்தில் படம் வரைந்து மேலே வந்தவர்தானே? உள்ளேயிருந்து ரப்பர் கொண்டுவரச் சொல்லி, இரண்டாவது தாளில் வாயை அழித்து, தன் கையாலேயே ஒரு சிரிப்புப் போட்டார். சிரிப்பு ஒரு பக்கம் காது வரைக்கும் போய்விட்டது. அதைச் சரிக்கட்ட மறுபக்கத்தையும் இழுத்தார். பல் தெரிந்தால் நல்லது என்று நாலு பல்லும் வைத்தார். சுசீந்திரம் தேரில் மூலைக்கு ஒன்றாகச் செதுக்கியிருக்கிற பூதங்கள் வெட்கப்படும்படியான ஒரு சிரிப்பு வந்தது. கைவேலை முடித்துத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, "இப்பக் கொள்ளாம், நல்லா இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்கியதில் வயிறு புண்ணாயிற்று. முதல் படத்தைக் கசக்கிப் போட எடுத்தவரிடமிருந்து மனைவி, "குப்பையில நான் போடுகேன்" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

இரண்டு நாளில் தோட்டத்து லாரி கீழே வந்தது. சூப்ரண்டு களியக்காவிளைப் பக்கம் எல்லைக்கல் பார்க்கப் போயிருந்தார். டிரைவர் வீட்டில் போய்ப் படத்தை வாங்கிக்கொண்டு போனான்.

அடுத்த வாரம் ஆபீஸில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். வாசலில் ஒருவர் வந்து நின்றார். கறுத்துப் பருத்த உடம்பு, கையில் குடை, சட்டையில் ரப்பர்ப் பால் வாடை. "சூப்ரண்டு சார் இருக்காங்களா?" என்று கேட்டார். அவர்தான் மாப்பிள்ளை. முறைப்படி பெரியவர்களோடு, தட்டத்தில் வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு வர வேண்டியவர், தனியாக ஆபீஸுக்கு வந்திருக்கிறார். சூப்ரண்டு எழுந்து ஓடி வந்து நாற்காலி போட்டார். அந்த ஆள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பையிலிருந்து படத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

முதல் படம்.

சூப்ரண்டின் முகம் வெளுத்தது. நான் ஆசானைப் பார்த்தேன். ஆசான் ஏதோ வயலைத் தாளில் வரைந்துகொண்டிருந்தார்.

"நான் இதை மூணு நாளா மேஜையில வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார் கணக்கர். "கணக்கு ஓடல்ல. இந்தப் பிள்ளை என்னவோ சொல்ல வருது. என்னண்ணு கேட்டுட்டுப் போகலாம்ணு வந்தேன்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. படம் வரைஞ்ச ஆளுக்குக் கை சரியில்ல" என்றார் சூப்ரண்டு.

"இருக்கட்டு. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறேன்."

உறவுக்காரர், தேடி வந்தவர். மறுக்க முடியுமா? கிளம்பினார்கள். ஆசானையும் என்னையும் கூடவே வரச் சொன்னார் சூப்ரண்டு. ஏதாவது தப்பாகிவிட்டால் பழி போட ஆள் வேண்டுமே.

வீட்டில் கனகத்தைக் கூப்பிட்டார்கள். முகம் கழுவக்கூட நேரமில்லாமல் அடுக்களையிலிருந்து அப்படியே வந்து நின்றாள். அந்தப் பெரிய மனுஷர் எழுந்து நின்றுகொண்டு, "என்ன மக்களே? என்னத்தைச் சொல்லணும் உனக்கு?" என்று கேட்டார்.

மக்களே! கட்டிக்கொள்ளப் போகிறவளை எவனாவது அப்படிக் கூப்பிடுவானா? பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற கூப்பாடு அது. அவர் என்ன முடிவோடு மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறார் என்பது அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு விளங்கிவிட்டது. சூப்ரண்டுக்கும் விளங்கியிருக்கும். வழக்கம்போல அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கணக்கர் திரும்பிப் பார்த்து, "பிள்ளைக்கிட்டயாக்கும் கேட்டேன்" என்றார்.

கனகம் உதட்டைப் பிரித்தாள். இந்தத் தடவை யாரும் குறுக்கே வரவில்லை.

"எனக்கு டிரெயினிங்குக்குப் போகணும்" என்றாள்.

"போகட்டு" என்றார் கணக்கர். அவ்வளவுதான், காரியம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். ஆனால் தொடங்கியவள் நிறுத்தவில்லை. மாதக் கடைசிக்குள் சேராவிட்டால் இடம் போய்விடும் என்றாள். மூக்குத்தித் திருகு உள்ளே குத்துகிறது, ஒரு மாதமாகச் சொல்ல நினைக்கிறேன் என்றாள். அம்மைக்கு முட்டு வலி, அப்பாவுக்கு மூணு கறி இல்லாமல் சோறு இறங்காது, ஒரு கறியைக் குறைத்தால் என்ன என்றாள். பிச்சிப்பூ வாசத்துக்கு எப்போதும் தலை வலிக்கும் என்றாள். கடைசியாக ஆசான் பக்கம் திரும்பி, "எனக்க மூக்கு அவ்வளவு நீளம் கெடையாது" என்றாள். ஆசானுக்கு அது மட்டும் பொறுக்கவில்லை. "அளவு தப்பாது மக்களே" என்றார்.

சூப்ரண்டு மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு மனைவியிடம், "இவ இவ்வளவு பேசுவாளா?" என்று கேட்டார். அந்தப் பெரிய குரல் அன்றைக்கு என்னவோ சின்னதாக இருந்தது.

"பேசுவா. நீங்க வீட்டுல இல்லாதப்போ" என்றார் அம்மா.

"லாரிக்காரன்கிட்ட எந்தப் படத்தைக் குடுத்தே?"

"ரெண்டும் நம்ம பிள்ளைதானே? எனக்கு என்ன வித்தியாசம் தெரியும்?" ஒன்றும் அறியாதவர்போல அவர் சொன்ன அழகை ஆசான் வரைந்திருக்க வேண்டும்.

கணக்கர் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். சூப்ரண்டு அதை வாங்கிக்கொண்டு வெகுநேரம் அதையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே அவரே கூடப் போய் கனகத்தைப் பயிற்சியில் சேர்த்துவிட்டு வந்தார். பின்னாளில் அவள் டீச்சரானபோது, தான்தான் பிடிவாதமாகப் படிக்கவைத்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். யாரும் மறுக்கவில்லை.

இதெல்லாம் நல்லபடி முடிந்தது என்று நாங்கள் நிம்மதியாக இருந்தபோது ஆசானுக்குத் தேவிகுளத்துக்கு மாற்றல் வந்தது. கையெழுத்து சூப்ரண்டுடையதுதான். நான் கொதித்துப் போய் அவர் அறைக்குள்ளேயே போய்விட்டேன். எப்படி அந்தத் தைரியம் வந்ததோ!

"சார், ஆசான் வரைஞ்சது சரியாப் போச்சுல்லா?"

"படம் சரிதான்வே. நான் சொன்னதைக் கேக்கல்லையே, அதுக்காக்கும் இது" என்றார் அவர். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். தடிமனான புதுக் கம்பளி. "அங்க குளிர் ஜாஸ்தி. நான் குடுத்தேன்னு சொல்ல வேண்டாம். கனகத்துக்க அம்மை குடுத்ததாச் சொல்லும்." அந்த மனுஷரை என்னவென்று சொல்வது? ஆபீஸ் காரியம் வேறு, வீட்டுக் காரியம் வேறு.

ஆசான் கிளம்பினார். திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட நான் போனேன். ஒரு டிரங்குப் பெட்டி, கக்கத்தில் கம்பளி. எனக்குச் சங்கடம் தெரியாமல் இருக்க ஏதேதோ தமாஷ் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்து ஒரு தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு, "வே, கொஞ்சம் அங்கன நில்லும்" என்றார். அத்தனை நாளும் பக்கத்திலேயே இருந்த என்னை அவர் வரைந்ததே இல்லை. நானும் பயந்துகொண்டு கேட்டதில்லை. அன்றைக்கு அளவு சொல்லவும் இல்லை, திருப்பிச் சொல்ல ஆளும் இல்லை. பஸ் உறுமத் தொடங்கியதும் தாளை மடித்து என் சட்டைப் பையில் சொருகிவிட்டு ஏறிக்கொண்டார். கையைக்கூட ஆட்டவில்லை.

பஸ் போன பிறகு பிரித்துப் பார்த்தேன். நான் சிரித்துக்கொண்டே நின்றதாகத்தான் நினைத்திருந்தேன். தாளில் இருந்தவன் சிரிக்கவில்லை. கூடப்பிறந்தவனைக் கப்பலேற்றிவிட்டு, தான் மட்டும் கரையில் நிற்கிறவனுடைய முகம் அது. பென்சிலாசான்மேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருந்தது என்பதை அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.